முதலில் /ஏ, மற்றதெல்லாம் பிறகு

ஹார்ட் டிஸ்க்கை டிஃப்ராக் செய்வது பற்றி வந்திருக்கும் கேள்விகளை இந்த முறை மொத்தமாக எடுத்துக்கொண்டேன். கறுப்புத் திரையில் கட்டளை அடித்தே வேலையை முடிக்கும் வழியைத்தான் சொல்லப் போகிறேன். கட்டளைகளை வாயால் சொல்வதுபோல் தமிழ் எழுத்தில் கொடுத்திருக்கிறேன். அடிக்கும்போது ஆங்கில எழுத்தில் அடியுங்கள். இடைவெளி, சாய்கோடு, முக்காற்புள்ளி எல்லாம் இங்கே இருக்கும் இடத்திலேயே வர வேண்டும்.

கே: "டிஸ்க்கைச் சுத்தம் பண்ணணும், டிஃப்ராக் போடணும்" என்கிறார் கம்ப்யூட்டர் கடைக்காரர். உள்ளே என்னதான் நடக்கிறது?
– மளிகைக் கடை உரிமையாளர், விருதுநகர்

ப: சுத்தம் எதுவும் நடப்பதில்லை. ஒரு ஃபைலும் அழியாது, காலி இடமும் கூடாது. இருப்பதை இடம் மாற்றி அடுக்குகிற வேலை அது. விண்டோஸ் உங்கள் டிஸ்க்கைப் பெரும்பாலும் 4 கிலோபைட் கட்டங்களாகப் பிரித்து வைத்திருக்கிறது. நீங்கள் பழைய ஃபைல்களை அழிக்க அழிக்க அங்கங்கே கட்டங்கள் காலியாகின்றன. அடுத்து ஒரு பெரிய ஃபைல் வந்தால், அது அந்தச் சந்துகளில் பிரிந்து உட்கார்ந்துகொள்கிறது. கல்யாணப் பந்திக்குத் தாமதமாக வந்த குடும்பம், காலி இலை பார்த்து ஆளுக்கொரு மூலையில் உட்காருவது மாதிரி. டிஃப்ராக் அவர்களை ஒரே வரிசையில் கொண்டுவந்து உட்கார வைக்கிறது. அவ்வளவுதான்.

கே: துண்டு துண்டாகக் கிடந்தால் என்ன சார்? வேகத்துக்கு அது ஒரு பொருட்டா?
– பொறியியல் மாணவர், கோவை

ப: கணக்குப் போட்டுப் பார்ப்போம் தம்பி. மேசைக் கணினியின் வழக்கமான ஹார்ட் டிஸ்க் நிமிடத்துக்கு 7200 முறை சுற்றுகிறது. ஒரு சுற்றுக்கு 8.3 மில்லி செகண்ட். வேண்டிய இடம் தலைக்குக் கீழே வந்து சேரச் சராசரியாக அரைச் சுற்று, அதாவது 4 மில்லி செகண்டுக்குச் சற்று மேல் ஆகும். அதற்கு முன் தலையைத் தாங்கிய கை சரியான தடத்துக்கு நகர வேண்டும். அதற்கு ஏறத்தாழ 9 மில்லி செகண்ட். ஆக ஒரு துண்டிலிருந்து அடுத்த துண்டுக்குப் போக 13 மில்லி செகண்ட்.

100 மெகாபைட் ஃபைல் ஒரே நீட்டாக இருந்தால் ஒரு செகண்ட் அளவில் படித்துவிடலாம். அதே ஃபைல் டிஸ்க் முழுக்க 1000 துண்டாகச் சிதறியிருந்தால் படிக்க ஒரு செகண்ட், துண்டு தேடி அலைய 13 செகண்ட். லேப்டாப் டிஸ்க்குகள் பலவும் 5400 சுற்றுதான். அங்கே காத்திருப்பு இன்னும் கூடும். எவ்வளவு விலை கொடுத்து பிராசஸர் வாங்கியிருந்தாலும் அந்தக் கை நகர்ந்து முடிக்கிற வரை அது சும்மாதான் நிற்கும்.

இந்தக் கணக்கு சுழலும் தட்டுக்கு மட்டும். எஸ்எஸ்டி பற்றிக் கீழே வருகிறேன்.

கே: சரி, ஆரம்பித்து வையுங்கள். முதலில் என்ன அடிக்க வேண்டும்?
– வங்கி ஊழியர், ஈரோடு

ப: உங்களிடம் இருப்பது எந்த ரக டிஸ்க் என்று தெரிந்துகொள்ள வேண்டும். ஸ்டார்ட் மெனுவில் பவர்ஷெல் என்று தேடி, அதன்மேல் வலது கிளிக் செய்து "ரன் அஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்" கொடுங்கள். திறக்கும் திரையில் இதை அடியுங்கள்:

கெட்-பிசிக்கல்டிஸ்க்

வரும் பட்டியலில் "மீடியா டைப்" என்ற பத்தியில் எச்டிடி (சுழலும் ஹார்ட் டிஸ்க்) என்றோ எஸ்எஸ்டி என்றோ இருக்கும். எச்டிடி என்றால் அடுத்த அடி:

டிஃப்ராக் சி: /ஏ /வி

/ஏ என்பது அளந்து பார்க்க மட்டும். எதையும் நகர்த்தாது, எதையும் மாற்றாது, தைரியமாக அடிக்கலாம். /வி விவரமான அறிக்கை கேட்கிறது. சில நிமிடங்களில் டிஸ்க்கின் மொத்த அளவு, காலி இடம், துண்டான இடம் எத்தனை சதவீதம், ஒரே நீட்டாகக் கிடைக்கும் மிகப் பெரிய காலி இடம் எவ்வளவு என்று வரிசையாக வந்துவிடும். கடைசி வரியில் விண்டோஸ் தன் தீர்ப்பையும் சொல்லிவிடும்: இந்த டிஸ்க்குக்கு டிஃப்ராக் வேண்டும் அல்லது வேண்டாம்.

இந்த ஒரு கட்டளையைத்தான் எல்லோரும் தாண்டிப் போகிறார்கள். ரத்தப் பரிசோதனை எடுக்காமல் எந்த டாக்டரும் ரத்தம் ஏற்றச் சொல்ல மாட்டார். அளக்காமல் டிஃப்ராக் போடாதீர்கள்.

கே: அடித்தேன். போதிய அதிகாரம் இல்லை என்று ஒரு பிழைச் செய்தி, 24 என்று முடியும் ஒரு நீள எண். என்ன தவறு?
– தட்டச்சுப் பயிலக ஆசிரியை, தஞ்சாவூர்

ப: திரையைச் சாதாரணமாகத் திறந்திருக்கிறீர்கள் அம்மா. மூடிவிட்டு "ரன் அஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்" வழியாகத் திறங்கள். கட்டளையில் தவறில்லை.

கே: எத்தனை சதவீதம் இருந்தால் கவலைப்பட வேண்டும்?
– ஓய்வுபெற்ற தபால் ஊழியர், நாகர்கோவில்

ப: 10 சதவீதத்தைத் தாண்டினால் செய்யலாம். விண்டோஸ் 7 காலத்தில் மைக்ரோசாஃப்ட் சொன்ன எல்லை இது. 3, 4 சதவீதத்தைப் பார்த்துவிட்டு இரவு முழுக்க டிஸ்க்கை ஓட்டுவது வீண்.

கே: அறிக்கையின் அடியில் "64 மெகாபைட்டுக்கு மேற்பட்ட துண்டுகள் கணக்கில் சேரவில்லை" என்று ஒரு குறிப்பு. விண்டோஸ் ஏன் பெரிய துண்டுகளை விட்டுவிடுகிறது? சோம்பலா?
– ஐடிஐ மாணவர், ஓசூர்

ப: கூர்மையான கேள்வி. மேலே போட்ட கணக்கையே திருப்பிப் போடுங்கள். 64 மெகாபைட்டைப் படிக்கவே அரை செகண்டுக்கு மேல் ஆகிறது. அடுத்த துண்டுக்குத் தாவ 13 மில்லி செகண்ட் என்றால், இழப்பு 2 சதவீதம் அளவுதான். அந்த 2 சதவீதத்தை மீட்பதற்காக, பல ஜிபி சினிமா ஃபைலை மணிக்கணக்கில் இடம் மாற்றுவதில் லாபமில்லை. நூறு துண்டாக இருக்கும் சின்ன ஃபைலை ஒன்றாக்கினால் உடனே பலன் தெரியும். விண்டோஸ் தன் நேரத்தை அங்கே செலவிடுகிறது.

கே: அளந்துவிட்டேன், 27 சதவீதம். அடுத்து?
– அச்சக உரிமையாளர், சிவகாசி

ப: முக்கியமான ஃபைல்களை வேறு டிஸ்க்கில் ஒரு நகல் எடுத்தீர்களா? எடுத்த பிறகு:

டிஃப்ராக் சி: /டி /யு /வி

/டி என்பது பழைய முறைப்படி துண்டுகளை ஒன்றாக்கச் சொல்கிறது. /யு வேலை எத்தனை சதவீதம் முடிந்தது என்று திரையில் காட்டிக்கொண்டே வரும். உங்கள் அச்சகக் கணினி இன்னும் விண்டோஸ் 7 என்றால் /டி வேண்டாம், அதற்கு அது புரியாது. டிஃப்ராக் சி: /யு /வி போதும்.

டிஃப்ராக் மற்ற வேலைகளுக்கு வழிவிட்டுத் தாழ்ந்த முன்னுரிமையில்தான் ஓடும். ராத்திரி கடையைப் பூட்டிவிட்டுப் போகிறீர்கள், வேறு வேலை எதுவும் ஓடாது என்றால் /எச் சேர்த்துக்கொள்ளுங்கள். சாதாரண முன்னுரிமை கிடைக்கும், வேலை விரைவாக முடியும். காலி இடமும் சிதறிக் கிடக்கிறது என்று அறிக்கை சொன்னால் தனியாக ஒருமுறை டிஃப்ராக் சி: /எக்ஸ் ஓட்டுங்கள். அது காலி இடங்களை ஒன்று சேர்க்கும். அடுத்து வரும் பெரிய ஃபைல் துண்டாகாமல் உட்கார இடம் கிடைக்கும்.

கே: எவ்வளவு நேரம் ஆகும்?
– இல்லத்தரசி, மதுரை

ப: டிஸ்க்கின் அளவு, சிதறல், காலி இடம் மூன்றும் சேர்ந்து தீர்மானிப்பது. சில நிமிடமும் ஆகலாம், இரவு முழுதும் ஆகலாம். காலி இடம் 15 சதவீதமாவது இருந்தால் வேலை ஒழுங்காக நடக்கும். டிஸ்க் நிரம்பி வழிகிறது என்றால் துண்டுகளை எடுத்து வைக்க இடமே இருக்காது; முதலில் வேண்டாத வீடியோக்களை அகற்றுங்கள்.

கே: பாதியில் கரண்ட் போய்விட்டால் எல்லா ஃபைலும் போய்விடுமா? இந்தப் பயத்தில்தான் இத்தனை வருடமாகத் தொடவே இல்லை.
– விசைத்தறி உரிமையாளர், பள்ளிபாளையம்

ப: போகாது. டிஃப்ராக் நிரல் டிஸ்க்கில் நேரடியாகக் கை வைப்பதில்லை. "இந்தத் துண்டை அங்கே நகர்த்து" என்று என்டிஎஃப்எஸ் கோப்பு முறையிடம் கேட்கிறது. என்டிஎஃப்எஸ் புதிய இடத்தில் எழுதிவிட்டு, அதன் பிறகே முகவரியை மாற்றுகிறது. அந்த மாற்றத்தையும் தன் பதிவேட்டில் குறித்துக்கொண்டுதான் செய்கிறது. நடுவில் மின்சாரம் போனால் ஃபைல் பழைய இடத்தில் இருக்கும், இல்லையென்றால் புதிய இடத்தில் இருக்கும். இரண்டுமே முழு ஃபைல்தான். நடுவில் நிறுத்த வேண்டுமானாலும் கன்ட்ரோல் விசையோடு சி அழுத்தித் தாராளமாக நிறுத்தலாம்.

ஆனால் எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் அறுந்து அறுந்து வருவது டிஸ்க் என்ற கருவிக்கு நல்லதல்ல. யுபிஎஸ் இருக்கட்டும்.

கே: டிஃப்ராக் முடிந்து பார்த்தால் பழைய ரெஸ்டோர் பாயின்ட் ஒன்றிரண்டைக் காணோம்!
– கணக்காளர், சேலம்

ப: அது நடக்கக்கூடியதுதான். ரெஸ்டோர் பாயின்ட் என்பது டிஸ்க்கில் நடந்த மாற்றங்களின் சேமிப்பு. டிஃப்ராக் ஆயிரக்கணக்கான துண்டுகளை நகர்த்தும்போது, 4 கிலோபைட் கட்டம் உள்ள டிஸ்க்கில் அந்த நகர்வுகளும் மாற்றமாகப் பதிவாகின்றன. ஒதுக்கிய இடம் நிரம்பியதும் மிகப் பழையது முதலில் அழிகிறது. பழைய நிலைக்குத் திரும்பும் தேவை இருப்பதாகத் தோன்றினால் முதலில் அதைச் செய்துவிட்டு டிஃப்ராக்கைப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

கே: என்னுடையது எஸ்எஸ்டி. மாதாமாதம் டிஃப்ராக் செய்தால் இன்னும் வேகம் கூடுமா?
– மென்பொருள் ஊழியர், சென்னை

ப: கூடாது. அங்கே சுழலும் தட்டும் இல்லை, நகரும் கையும் இல்லை. எந்த மூலையில் இருக்கும் தரவையும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் எடுக்கிறது, அதுவும் 13 மில்லி செகண்டில் நூறில் ஒரு பங்கு அளவு நேரத்தில். தவிர, விண்டோஸுக்குத் தெரியும் வரிசை வேறு, சில்லுக்குள் தரவு உண்மையில் உட்கார்ந்திருக்கும் வரிசை வேறு. எங்கே எழுதுவது என்பதை எஸ்எஸ்டியின் சொந்தக் கட்டுப்பாட்டுச் சில்லுதான் முடிவு செய்கிறது. நீங்கள் இங்கே ஒழுங்காக அடுக்கினாலும் அங்கே அது தன் கணக்குப்படிதான் வைக்கும். மிஞ்சுவது தேவையில்லாத எழுத்து வேலை. ஃபிளாஷ் நினைவகத்தில் இத்தனை முறைதான் எழுதலாம் என்று ஓர் அளவு உண்டு.

எஸ்எஸ்டிக்கு வேண்டியது ட்ரிம். அழித்த ஃபைல்களின் இடம் இனி வேண்டாம் என்று டிஸ்க்குக்குச் சொல்லும் செய்தி அது. இயங்குகிறதா என்று பார்க்க:

எஃப்எஸ்யுடில் பிஹேவியர் கொரி டிஸேபிள்டெலீட்நோட்டிஃபை

இரண்டாவது சொல்லை அமெரிக்க எழுத்துக்கூட்டில், யு இல்லாமல் அடியுங்கள். விடை 0 என்று வந்தால் ட்ரிம் வேலை செய்கிறது. கையால் ஒருமுறை கொடுக்க டிஃப்ராக் சி: /எல். எந்த டிஸ்க் என்று சந்தேகமாக இருந்தால் டிஃப்ராக் சி: /ஓ அடியுங்கள், டிஸ்க்கின் ரகத்தைப் பார்த்து, ஹார்ட் டிஸ்க்குக்கு டிஃப்ராக்கையும் எஸ்எஸ்டிக்கு ட்ரிம்மையும் விண்டோஸே தேர்ந்துகொள்ளும். வெறும் டிஃப்ராக் சி: என்று மட்டும் அடிக்காதீர்கள். எழுத்து எதுவும் சேர்க்காவிட்டால் அது பழைய பாணி டிஃப்ராக் என்று பொருள்.

கே: நீங்கள் இப்படிச் சொல்கிறீர்கள். ஆனால் விண்டோஸே எப்போதாவது என் எஸ்எஸ்டியை டிஃப்ராக் செய்ததாக ஈவன்ட் வியூவரில் பார்த்தேன். யார் சொல்வது சரி?
– அதே வாசகர்

ப: இரண்டும் சரி. சிஸ்டம் ரெஸ்டோர் இயக்கத்தில் இருந்தால், விண்டோஸ் மாதம் ஒருமுறை அளவில் எஸ்எஸ்டியையும் அளவோடு டிஃப்ராக் செய்வது உண்டு. காரணம் வேகமல்ல. ஒரு ஃபைல் இத்தனை துண்டுக்கு மேல் ஆக முடியாது என்று என்டிஎஃப்எஸ்ஸில் ஓர் உச்ச வரம்பு இருக்கிறது. அதை முட்டினால் அந்த ஃபைலில் மேற்கொண்டு எழுத முடியாது. சிதறல் மிகுந்தால் ரெஸ்டோர் வேலையும் தடுமாறும். அதற்காகத் தேவையான அளவு மட்டும் செய்கிறது. அதை அது பார்த்துக்கொள்ளட்டும், நீங்கள் கூடுதலாக எதையும் ஓட்ட வேண்டாம்.

கே: விண்டோஸ் தானாகவே டிஃப்ராக் செய்கிறது என்கிறார்களே, உண்மையா?
– பள்ளி ஆய்வகப் பொறுப்பாளர், தேனி

ப: உண்மை. விண்டோஸ் 7-இல் புதன்கிழமை இரவு ஒரு மணிக்கு ஓடும்படி வைத்திருந்தார்கள். அந்த நேரத்தில் உங்கள் ஆய்வகத்துக் கணினிகள் அணைந்து கிடந்திருக்கும். விண்டோஸ் 8 முதல் கணினி சும்மா இருக்கும் வேளையில் வாரம் ஒருமுறை ஓடும் பராமரிப்பில் சேர்த்துவிட்டார்கள். மணி அடித்ததும் அணைத்து, காலையில் போட்டு உடனே பாடம் தொடங்கும் கணினிக்கு அந்த வேளை அரிதாகவே கிடைக்கும். பள்ளி ஆய்வகக் கணினிகள் இழுப்பதற்கு இதுவும் ஒரு காரணம். வாரத்தில் ஒருநாள் மதிய இடைவேளையில் எல்லாக் கணினியிலும் டிஃப்ராக் /சி /ஓ அடித்துவிடுங்கள். /சி என்றால் எல்லா டிரைவும். மாணவர்களையே அடிக்கச் சொல்லுங்கள். அளந்து, அறிக்கை படித்து, முடிவெடுப்பது நல்ல பாடம்.

கே: "ஒரே கிளிக்கில் 300 மடங்கு வேகம்" என்று ஒரு மென்பொருள் விளம்பரம். வாங்கலாமா?
– ஆட்டோ ஓட்டுநர், சென்னை

ப: வாங்காதீர்கள். விண்டோஸோடு இலவசமாக வந்திருப்பதே போதும். அந்தப் பணத்தை எஸ்எஸ்டிக்குச் சேர்த்து வையுங்கள்.

கே: அந்தக் காலத்தில் சிவப்பும் நீலமுமாகச் சின்னச் சின்னக் கட்டங்கள் ஓடும். மணிக்கணக்கில் பார்த்துக்கொண்டிருப்போம். எங்கே போயிற்று அந்தப் படம்?
– கல்லூரிப் பேராசிரியர், திருச்சி

ப: 1993-இல் வந்த எம்எஸ்-டாஸ் 6-இல்தான் மைக்ரோசாஃப்ட் முதன்முதலாக டிஃப்ராக்கைச் சேர்த்துக் கொடுத்தது. சொந்தச் சரக்கு அல்ல. சைமன்டெக் நிறுவனத்தின் நார்ட்டன் வரிசையிலிருந்து உரிமம் பெற்றது. விண்டோஸ் 95-இல் அந்தக் கட்டங்கள் வீடு வீடாகப் போய்ச் சேர்ந்தன. விண்டோஸ் 2000-இல் இருந்த டிஃப்ராக் கருவி, டிஸ்க்கீப்பர் தயாரித்தவர்களிடமிருந்து வந்தது. அதில் மவுஸ்தான், கட்டளை கிடையாது. டிஃப்ராக் என்று கட்டளைத் திரையில் அடித்தால் வேலை நடக்கும் வசதி 2001-இல் விண்டோஸ் எக்ஸ்பியோடு வந்தது. விஸ்டாவில் கட்டப் படத்தை எடுத்துவிட்டார்கள்.

எடுத்ததில் எனக்கு வருத்தமுண்டு. டிஸ்க்கில் ஃபைல் எப்படி உட்காருகிறது என்பதை அந்தப் படம் பாடப்புத்தகத்தைவிட நன்றாகச் சொல்லித் தந்தது. ஒரு தலைமுறை டிஸ்க் என்றால் என்ன என்று கற்றதே அதைப் பார்த்துத்தான்.

கே: பார்ட்டிஷன் பிரிக்கலாமென்று சி டிரைவைச் சுருக்கப் பார்த்தேன். பாதிக்கு மேல் காலி. ஆனால் கொஞ்சம்தான் சுருக்க முடியும் என்கிறது விண்டோஸ். டிஃப்ராக் செய்தும் மாறவில்லை.
– மருந்துக்கடை உரிமையாளர், கும்பகோணம்

ப: நகர்த்த முடியாத ஏதோ ஒரு ஃபைல் நடுவில் உட்கார்ந்திருக்கிறது. யார் என்று கண்டுபிடிக்கலாம். ஈவன்ட் வியூவரில் அப்ளிகேஷன் பதிவுகளைத் திறந்து 259 என்ற எண்ணைத் தேடுங்கள். வழியை அடைத்திருக்கும் கடைசி ஃபைலின் பெயர் அதில் இருக்கும். பெரும்பாலும் ஹைபர்னேஷன் ஃபைல் அல்லது பேஜ் ஃபைல். முதலாவதற்கு பவர்சிஎஃப்ஜி /எச் ஆஃப் அடித்தால் அது நீங்கிவிடும். பேஜ் ஃபைலை சிஸ்டம் அமைப்புகளில் தற்காலிகமாக நிறுத்தி, கணினியை ஒருமுறை மறுதொடக்கம் செய்யுங்கள். பிறகு டிஃப்ராக் சி: /எக்ஸ், அதன்பின் சுருக்கம். முடிந்ததும் பேஜ் ஃபைலை மறக்காமல் திரும்பப் போடுங்கள்.

கே: என் சிக்கல் ஒரே ஒரு ஃபைல்தான். அவுட்லுக்கின் மெயில் ஃபைல் பல ஜிபி. அதற்காக முழு டிஸ்க்கையும் ஓட்ட வேண்டுமா?
– ஏற்றுமதி நிறுவன ஊழியர், திருப்பூர்

ப: வேண்டாம். கான்டிக் என்று ஒரு சின்னக் கருவி இருக்கிறது. மார்க் ருசினோவிச் எழுதியது. அவருடைய சிஸ்இன்டர்னல்ஸ் தொகுப்பில் ஒன்று. அந்தத் தொகுப்பை 2006-இல் மைக்ரோசாஃப்ட் வாங்கிக்கொண்டது, இன்றும் அதன் தளத்தில் இலவசம். கான்டிக் -ஏ என்று அடித்து ஃபைலின் முகவரியைக் கொடுத்தால் எத்தனை துண்டு என்று சொல்லும். -ஏ இல்லாமல் அடித்தால் ஒன்றாக்கும். அதற்கு முன் அவுட்லுக்கை மூடிவிடுங்கள்.

கே: மேக் கணினிக்கு?
– புகைப்படக் கலைஞர், புதுச்சேரி

ப: வேண்டியதில்லை. 2003-இல் வந்த பேந்தர் பதிப்பிலிருந்தே, 20 மெகாபைட்டுக்கு உட்பட்ட சிதறிய ஃபைல்களைத் திறக்கும் சமயத்திலேயே மேக் ஒன்றாக்கி வந்தது. இப்போது வரும் மேக்குகளில் எஸ்எஸ்டிதான்.

கே: லினக்ஸில் டிஃப்ராக்கே தேவையில்லை என்று நண்பர்கள் அடித்துச் சொல்கிறார்கள்.
– ஆராய்ச்சி மாணவி, வேலூர்

ப: முக்கால்வாசி உண்மை. எக்ஸ்ட்4 கோப்பு முறை ஃபைலை உடனே டிஸ்க்கில் எழுதாமல் சற்றுப் பொறுத்து, மொத்த அளவு தெரிந்த பிறகு ஒரே நீட்டான இடம் பார்த்து வைக்கிறது. ஆகவே சிதறல் குறைவு. ஆனால் டிஸ்க் 90 சதவீதத்துக்கு மேல் நிரம்பிவிட்டால் அதற்கும் வேறு வழியில்லை. நம்பிக்கையைவிட அளவு மேல் அம்மா:

சூடோ இ4டிஃப்ராக் -சி /ஹோம்

இதுவும் அளக்க மட்டும். ஒரு மதிப்பெண் தரும். 30 வரை பிரச்சினை இல்லை, 31 முதல் 55 வரை லேசான சிதறல், 56-க்கு மேல் டிஃப்ராக் தேவை. -சி எடுத்துவிட்டு அடித்தால் வேலை தொடங்கும். ஒரு ஃபைலை மட்டும் பார்க்க ஃபைல்ஃப்ராக் போதும். உங்கள் ஆய்வக சர்வர் பிடிஆர்எஃப்எஸ் என்றால் மட்டும் நின்று யோசியுங்கள். அங்கே ஸ்னாப்ஷாட்கள் ஒரே தரவைப் பங்கிட்டுக்கொண்டிருக்கும். டிஃப்ராக் அந்தப் பங்கீட்டை உடைத்துவிடும், ஒரே ராத்திரியில் டிஸ்க் நிரம்பிப் போகலாம்.

கே: அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் அக்காவுக்குக் கிடைத்த லேப்டாப்பை இப்போது நான் வைத்திருக்கிறேன். ஆன் ஆகவே பல நிமிடம் ஆகிறது. டிஃப்ராக் செய்தால் படிக்கப் பயன்படுமா?
– பிளஸ் டூ மாணவி, விழுப்புரம்

ப: நிச்சயம் பயன்படும்படி செய்யலாம் பாப்பா. அந்தத் திட்டம் 2011-இல் தொடங்கியது. ஆரம்ப வருடங்களில் வந்தவை சுழலும் டிஸ்க் கொண்டவை. இத்தனை வருட உபயோகத்தில் சிதறல் இருக்க வாய்ப்பு அதிகம். விண்டோஸ் 7 என்றால் டிஃப்ராக் சி: /ஏ அடித்துப் பார். 10-க்கு மேல் வந்தால் டிஃப்ராக் சி: /யு /வி. சார்ஜரைச் செருகிவிட்டு, படுக்கப் போகும்போது ஓட விடு.

கொஞ்சம் முன்னேற்றம் தெரியும். ஆனால் பெரிய மாற்றம் வேண்டுமென்றால் வீட்டில் சொல்லி ஒரு 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி வாங்கிப் போடச் சொல். சில திருகுகளைக் கழற்றினால் பழையதை எடுத்துப் புதியதை வைத்துவிடலாம். எடுத்த ஹார்ட் டிஸ்க்கை யுஎஸ்பி உறையில் போட்டால் பாடக் குறிப்புகளின் நகல் வைக்க ஆகும். விண்டோஸ் 7-க்குப் பாதுகாப்பு அப்டேட்டுகள் 2020 ஜனவரியோடு நின்றுவிட்டன. எனவே அதில் வங்கி வேலை, பணம் செலுத்தும் வேலை எதுவும் வைத்துக்கொள்ளாதே. புதிய எஸ்எஸ்டியில் எடை குறைந்த லினக்ஸ் ஒன்றைப் போட்டுக்கொள். அந்த லேப்டாப்பைக் குப்பை என்று யார் சொன்னாலும் நம்பாதே.

கே: ஒரு கல்யாண ஆல்பத்தின் ஃபோல்டர் முழுவதையும் தவறுதலாக அழித்துவிட்டேன். ரீசைக்கிள் பின்னிலும் இல்லை. டிஃப்ராக் செய்தால் திரும்ப வரும் என்கிறார் நண்பர். உடனே பதில் தேவை.
– ஸ்டுடியோ உரிமையாளர், காரைக்குடி

ப: தொடாதீர்கள். கணினியில் எதையும் சேமிக்காதீர்கள், இன்ஸ்டால் செய்யாதீர்கள், டிஃப்ராக்கை நினைத்தும் பார்க்காதீர்கள்.

ஃபைலை அழித்தால் ஹார்ட் டிஸ்க்கில் படம் உடனே போவதில்லை. அந்த இடம் காலி என்று குறிக்கப்படுகிறது, அவ்வளவே. படம் இன்னும் அங்கேதான் இருக்கிறது. டிஃப்ராக் ஓடினால் மற்ற ஃபைல்களின் துண்டுகளைத் தூக்கி அந்தக் காலி இடத்தில்தான் வைக்கும். அப்படி மேலெழுதிவிட்டால் யாராலும் மீட்க முடியாது. நண்பர் சொன்னது நேர் எதிரான வழி.

விண்டோஸ் 10-இன் 2020 பதிப்போ அதற்குப் பிந்தையதோ என்றால் மைக்ரோசாஃப்டின் ஃபைல் ரெக்கவரி என்ற கட்டளைக் கருவி இலவசமாகக் கிடைக்கும். அழித்த படங்கள் டி டிரைவில் இருந்தன, மீட்பதை எஃப் என்ற வெளி டிஸ்க்கில் வைக்க வேண்டும் என்றால்:

வின்எஃப்ஆர் டி: எஃப்: /ரெகுலர் /என் *.ஜேபிஜி

கிடைக்காவிட்டால் /ரெகுலர் இடத்தில் /எக்ஸ்டென்சிவ் போட்டு ஆழமாகத் தேடச் சொல்லுங்கள். மீட்பதை அதே டிரைவில் வைக்க முடியாது. அழிந்தது சி டிரைவில் என்றால் டிஸ்க்கைக் கழற்றி வேறு கணினியில் மாட்டித்தான் இதைச் செய்ய வேண்டும், ஏனென்றால் கருவியை இன்ஸ்டால் செய்வதே சி-யில் எழுதுவதுதான். அது எஸ்எஸ்டியாக இருந்தால் ட்ரிம் பெரும்பாலும் எல்லாவற்றையும் துடைத்திருக்கும். இவை எல்லாவற்றுக்கும் முன் கேமராவின் மெமரி கார்டைப் பாருங்கள். கார்டில் மேற்கொண்டு படம் எடுக்காமல் இருந்தால் நல்ல வாய்ப்பு உண்டு.

கே: டிஃப்ராக் ஓடும்போது டிஸ்க்கிலிருந்து டக் டக் என்று சத்தம். 12 சதவீதத்திலேயே நிற்கிறது. பேரக்குழந்தைகளின் படங்கள், இவருடைய பென்ஷன் காகிதங்களின் ஸ்கேன் எல்லாம் இதில்தான். மறுபடி ஓட்டவா?
– வாசகி, பாளையங்கோட்டை

ப: ஓட்டாதீர்கள் அம்மா. அது சிதறலின் சத்தம் இல்லை. டிஸ்க் சாகப் போவதன் சத்தமாக இருக்கலாம். டிஃப்ராக் என்பது டிஸ்க்கிலிருந்து படித்து, அதே டிஸ்க்கில் எழுதி, மறுபடி படிக்கும் கடும் வேலை. பழுதான டிஸ்க்குக்கு அது கடைசி அடியாக முடியும். பழுதை நீக்கும் என்று யாராவது சிஎச்கேடிஎஸ்கே /ஆர் போடச் சொன்னாலும் இப்போது வேண்டாம். அதுவும் டிஸ்க் முழுவதையும் துருவும்.

ஈவன்ட் வியூவரில் சிஸ்டம் பதிவுகளைப் பாருங்கள். டிஸ்க் என்ற மூலத்திலிருந்து 7 என்ற எண்ணில் பிழைகள் வரிசையாக இருந்தால், தட்டில் கெட்ட இடங்கள் விழுந்திருக்கின்றன என்று பொருள். பவர்ஷெல்லில் கெட்-பிசிக்கல்டிஸ்க் அடித்தால் ஹெல்த் ஸ்டேட்டஸ் என்ற பத்தியும் வரும். அதில் ஹெல்தி என்றே இருந்தாலும் சத்தம் வருகிற டிஸ்க்கை நம்பாதீர்கள்.

ஒரு வெளி டிஸ்க்கைச் செருகி, படங்கள் டி டிரைவில் ஃபோட்டோ என்ற ஃபோல்டரிலும் வெளி டிஸ்க் எஃப் என்ற எழுத்திலும் இருப்பதாக வைத்துக்கொண்டால், இதை அடியுங்கள்:

ரோபோகாப்பி டி:\ஃபோட்டோ எஃப்:\ஃபோட்டோ /ஈ /ஆர்:1 /டபிள்யூ:1

/ஈ உள்ளே இருக்கும் எல்லா ஃபோல்டர்களையும் சேர்த்து எடுக்கும். /ஆர்:1 /டபிள்யூ:1 இரண்டும் கட்டாயம். அவை இல்லாவிட்டால் படிக்க முடியாத ஒரு ஃபைலை ரோபோகாப்பி பத்து லட்சம் முறை, ஒவ்வொரு முறைக்கும் இடையில் 30 செகண்ட் காத்திருந்து முயலும். நல்ல ஃபைல்கள் வரிசையில் நிற்கும்போதே டிஸ்க் போய்விடும். பென்ஷன் காகிதங்களை முதலில் எடுங்கள், அடுத்து படங்கள். சினிமா, பாட்டு எல்லாம் கடைசி.

படிக்கவே முடியாத படங்கள் மிஞ்சினால் டிஸ்க்கை அணைத்து வைத்துவிட்டு, தரவு மீட்கும் ஆளிடம் கொண்டுபோங்கள். வீட்டில் யாரும் பிரித்துப் பார்க்க வேண்டாம். இந்தப் பதிலைப் படித்த இன்றைக்கே, இரவு படுக்கும் முன் அந்த ரோபோகாப்பியை ஓட விடுங்கள் அம்மா; முடிந்ததும் எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.